பஞ்சு மிஷின் ஓடும் நேரம்

மெத்தைக்கடையில் பஞ்சு மிஷின் ஓடினால் உள்ளே பஞ்சு அடிக்கிறார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. பாதி நேரம் அது உண்மைதான். மீதி நேரம் மிஷினில் ஒரு பிடி பஞ்சுகூட இருக்காது. அது வெறுமனே கடகடவென்று ஓட, அதன் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மெத்தைக்காரர் இருமுவார். சுவிட்சைப் போட்டது அவர் மனைவியாக இருப்பாள்.

தெருவுக்கே அவள் அக்கா. பால்காரரிலிருந்து பள்ளிக்கூடத்து வாத்தியார் வரைக்கும், அவளைவிட மூத்தவர்கள்கூட, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முன்னறை கடை, பின்னறை வீடு. நடுவில் தடுப்புச் சுவரை ஒட்டி மிஷின். தைத்து முடித்த மெத்தைகள் கூரையைத் தொடும்படி அடுக்கியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்துவிடும் என்பதால் வெயில் காலத்திலும் அதைத் திறப்பதில்லை. புருவத்தில் பஞ்சு, சோற்றில் பஞ்சு, சாமான் டப்பாவுக்குள் பஞ்சு. அந்த வீட்டில் டீயை ஊதிக் குடிப்பது சூட்டுக்காக மட்டும் இல்லை.

மெத்தைத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கைக்காரர் எதிரில் இருமக்கூடாது. தும்மலாம், மூக்கைச் சிந்தலாம், அதெல்லாம் தூசி என்று விட்டுவிடுவார்கள். இருமினால் போச்சு. இவன் நெஞ்சில் இருப்பதெல்லாம் நம் மெத்தைக்குள் இறங்கியிருக்குமே என்று நினைப்பார்கள். மெத்தைக்காரரின் அப்பா காலத்தில் அடுத்த தெருவில் ஒரு மெத்தைக்கடை அப்படித்தான் மூடியது. அந்தக் கடைக்காரர் சளிப் பிடித்துத்தான் இருமினார் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன புண்ணியம், கடை போனது போனதுதான்.

அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது. மெத்தைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு வலது காதை வருடினார். கண் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. என்ன ஏது என்று புரியாமலேயே அக்கா கையை நீட்டி மிஷினைப் போட்டுவிட்டாள். அவர் ஓடிப்போய் அதன் பின்னால் இருமிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து விலை பேசினார். ஆள் போன பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் தன்னிடம் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அக்கா பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறாள். பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த மனுஷர் சிரிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு வார்த்தையே தேவைப்படவில்லை. அவர் கை காதுக்குப் போகும், இவள் கை சுவிட்சுக்குப் போகும். சில புருஷன் பெண்டாட்டி கண்ணால் பேசிக்கொள்வார்கள் என்கிறார்களே, இவர்கள் மிஷினால் பேசிக்கொண்டார்கள்.

ஒரே மகள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்ததிலிருந்து மெத்தைக்காரர் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் தூரதேசத்துக் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நேரில் கண்டவர் மாதிரி. பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது.

"டாக்டர் எழுந்து நடக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. படுத்தே கெடக்கணுமாம். அவரு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா வீட்டுல சுவத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நீயும் அப்பாவும் வாங்கம்மா."

மகள் அழவில்லை. அழாமல் பேசியதுதான் அக்காவைப் போட்டு அறுத்தது.

ரெண்டு பேரும் போவது என்று முடிவானது. பயணக் காப்பீடு இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். காப்பீடு என்றதும் வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு உடன்பிறந்த தம்பியே இருந்தான். முதலில் குடை விற்றான், அப்புறம் அடுப்பு, அப்புறம் தண்ணீர் சுத்தம் செய்கிற குழாய். எல்லாவற்றுக்கும் முதல் போணி அக்கா வீடுதான். கடைசியில் காப்பீட்டு ஏஜெண்ட் ஆனதும் தெரு அவனுக்குப் பாலிசி என்றே பெயர் வைத்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பாலிசிக்கு வாய் இருந்தது, பிழைப்புதான் இன்னும் வந்து சேரவில்லை. அத்தானை ஓர் ஆயுள் பாலிசியாவது எடுக்கவைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தான்.

"வந்தது வந்தேன், எல்லாத்தையும் ஒரு தடவை வெளக்கிடறேன் அத்தான்" என்று தைக்காத மெத்தை உறையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நாங்க கேட்டது பயணத்துக்கு" என்றார் மெத்தைக்காரர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அது கடைசியில வருது. மொதல்ல ஆயுள். அதுல மூணு ரகம். மொத ரகம் நம்ம வாடகை மெத்தை மாதிரி. விசேஷ வீட்டுக்கு ஆளு வராங்கன்னு மெத்தை எடுத்துட்டுப் போறாங்க இல்ல? வந்தவங்க படுத்தாலும் வாடகை உண்டு, யாருமே வரலைன்னாலும் வாடகை உண்டு. அது மாதிரி இத்தனை வருஷம்னு ஒரு கெடு. கட்டற பணம் கம்மி. கெடுவுக்குள்ள ஆளு போயிட்டா குடும்பத்துக்குப் பெரிய தொகை. போகலைன்னா கட்டினது கட்டினதுதான், திரும்பாது."

"அப்போ நான் பொழைச்சுக் கெடந்தா எனக்கு நஷ்டம்."

"பொழைச்சிருக்கறது நஷ்டமா அத்தான்?"

"கணக்குப்படி சொல்றேன் மாப்ளே."

அக்கா வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டே சிரித்தாள்.

"ரெண்டாவது, தவணையில வாங்கற மெத்தை. கட்டி முடிச்சா உங்க கையில காசு. நடுவுல ஆளு போயிட்டா, மீதித் தவணையைக் கேக்காமலே வீட்டுக்குக் காசு வந்துடும். சேமிப்பும் ஆச்சு, காவலும் ஆச்சு. அதனால தவணை மட்டும் கொஞ்சம் கனமா இருக்கும்."

"இலவு காத்த கிளியா வருஷக்கணக்கா உக்காரச் சொல்ற. கிளி ஏமாந்துச்சுன்னு ஊரே சொல்லுது. எங்க தொழில்ல இலவு வெடிச்சா பஞ்சுதான் வரும்னு மொதல்லயே தெரியும்."

"மூணாவது, ஆயுசு முழுக்க. எத்தனை வயசுல போனாலும் குடும்பத்துக்கு நிச்சயமா கெடைக்கும்."

"நிச்சயமா கெடைக்கும். எனக்குத்தான் கெடைக்காது."

பாலிசி பெருமூச்சு விட்டான். அத்தானிடம் பேசுவதும் பஞ்சுமூட்டையில் குத்துவதும் ஒன்றுதான்.

"சரி, பயணத்துக்கு வா" என்றாள் அக்கா.

"அது இந்த மூணுலயும் சேராது அக்கா. போற எடத்துல காய்ச்சல் வந்துச்சு, விழுந்து கால் ஒடிஞ்சுச்சு, பொட்டி காணாமப் போச்சு, இதுக்கெல்லாம். முக்கியமா ஆஸ்பத்திரிச் செலவு. வீடு வந்து சேர்ந்ததோட பாலிசி முடிஞ்சுது. அப்புறம், அங்கேயே ஏதாவது ஆகிப்போச்சுன்னா உடம்பைக் கொண்டுவந்து…"

"நல்ல வார்த்தையா பேசு."

"நான் பேசல அக்கா, கம்பெனி பேசுது."

"ஒண்ணும் ஆகாம நல்லபடியா திரும்பி வந்துட்டா, கட்டினதைத் திருப்பித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"பின்ன எதுக்கு?"

"குடை வாங்கிட்டு, மழை பெய்யலை, காசைத் திருப்பிக் குடுன்னு கடைக்காரன்கிட்ட கேப்பியா?"

"உன் குடைக்குக் கேட்டிருக்கணும்" என்றார் மெத்தைக்காரர். "மழை பெஞ்சப்பவும் நனைஞ்சோம்."

அப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் விண்ணப்பத்தில் இருந்த கேள்விகளைப் பாலிசி படித்துக்கொண்டே வந்தான். சர்க்கரை உண்டா, இல்லை. ரத்தக் கொதிப்பு உண்டா, இல்லை.

"நெஞ்சு, மூச்சு, இருமல், இழுப்பு, ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது."

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கார்" என்றாள் அக்கா, கேட்காமலே. வாடிக்கைக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பாலிசிக்கு விஷயம் அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. பஞ்சுக்கடை என்றால் கொஞ்சம் செருமல் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை மிஷின் அவனிடமிருந்தும் மறைத்திருந்தது. இல்லை என்றே எழுதிவிட்டான்.

முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக் கைகழுவும்போது, தன் சாமர்த்தியத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு கதை சொன்னான்.

"கேள்விக்கு உண்மையா பதில் சொல்லணும் அக்கா. அதுதான் உயிர்நாடி. நம்ம ஆபீஸ்ல ஒருத்தர், நெஞ்சு வலி இருந்ததை மறைச்சு எழுதிட்டுப் பையனைப் பாக்கப் போனார். போன எடத்துல விழுந்துட்டார். பொழைச்சுக்கிட்டார், அது வேற. ஆனா மருந்துச் சீட்டு மாத்திரைச் சீட்டுன்னு தோண்டித் துருவிப் பாத்துட்டுக் கம்பெனி கையை விரிச்சிடுச்சு. அந்த ஊரு ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்குப் படுத்தா நம்ம ஊர்ல ஒரு வீடு வாங்கலாம். பையன் இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கான். நான் போட்டுக் கொடுத்த பாலிசி இல்ல அது. நான்னா கேட்டிருப்பேன்."

அக்கா வேறு பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் துடைத்தாள். பாத்திரம் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் உறை தைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தையல் கோணிக்கொண்டே போனது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டாள்.

"என்னங்க, இருமலைச் சொல்லிடலாமா?"

"யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"பொண்ணுக்கே சொன்னதில்ல. எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்குச் சொல்லணுமா?"

"அங்க போய்ப் படுத்துட்டீங்கன்னா?"

"படுக்க மாட்டேன்."

"போன குளிருக்கு ராவெல்லாம் உக்காந்தே இருந்தீங்க. தலகாணியை முட்டுக்கொடுத்து வெச்சது யாரு? அங்க இதைவிடக் குளிரு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "சொன்னா என்னை விடமாட்டான். அந்தக் கம்பெனிக்காகச் சோதிச்சுப் பாக்கற டாக்டரு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான். இன்னிக்குச் சொன்னா நாளைக்குக் கடைத்தெரு பூரா பேசும். அதைக்கூட விடு. எனக்கு அவளைப் பாக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு மட்டும் பார்க்க வேண்டாமா? ரெண்டு பேரும் சேர்ந்து மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதை அவள் மனசில் எத்தனையோ தடவை நின்று பார்த்தாயிற்று. ஆனால் இப்போதெல்லாம் அந்த வாசலுக்குப் பின்னால் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் யாரிடமோ கையேந்திக்கொண்டு நிற்பதும், எழுந்து நடக்கக்கூடாத மகள் எழுந்து ஓடுவதும் சேர்ந்தே தெரிந்தது.

வயதானவர்கள் மாதக்கணக்கில் தங்கப்போவதால் கம்பெனி டாக்டர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவரே ஒரு சாயங்காலம் கடைக்கு வந்துவிட்டார். பருத்த உடம்பு, ஓயாத முதுகுவலி. வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அடுக்கில் இருந்த மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன பஞ்சு? எங்க வீட்டு மெத்தை நடுவுல குழி விழுந்துபோச்சு."

வினையே அங்கேதான் வந்தது. சோதிக்க வந்தவர் வாடிக்கைக்காரராகவும் ஆகிவிட்டார். மெத்தைக்காரருக்கு உடனே கடைக்குரல் வந்துவிட்டது. பஞ்சைப் பிய்த்துக் காட்டினார். முதுகுவலிக்குக் கெட்டியாகத்தான் அடைக்க வேண்டும் என்றார். பாலிசி மூலையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் முதலில் அக்காவைப் பார்த்தார். நாடி, கண், நாக்கு, ரத்த அழுத்தம். எல்லாம் சரி. பிறகு அவரை உட்காரச் சொன்னார்.

"இருமல் உண்டா?"

"கெடையாதுங்க. உங்களுக்கு எத்தனை அடி அகலம்னு சொன்னீங்க?"

சொல்லி முடிக்கவில்லை, அவர் கை வலது காதுக்குப் போனது.

அக்காவின் கை அதே நொடியில் சுவிட்சின் மேல் இருந்தது. முப்பது வருஷத்துப் பழக்கம், அது அவளைக் கேட்டுக்கொண்டா போகும்? விரல் குமிழைத் தொட்டுவிட்டது. அவர் கண் அவளைப் பார்த்தது. போடு என்று கெஞ்சியது.

அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்து, இன்னொரு கையால் இறுகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மிஷின் ஓடவில்லை. இருமல் வந்தது. இத்தனை வருஷமாக அதை முழுசாக யாரும் கேட்டதில்லை, ராத்திரியில்கூட அவர் தலையணையில் வாயை அமுக்கிக்கொள்வதால் அக்காவே கேட்டதில்லை. அடியிலிருந்து கிளம்பி, மூச்சை இழுக்கவிடாமல், நிற்கிற மாதிரி நின்று மறுபடி பிடித்துக்கொண்டது. தெருவில் போன ஒருத்தி நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். பாலிசி வாயைத் திறந்தபடி நின்றான்.

டாக்டர் மெத்தையை மறந்துவிட்டார். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"



"கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் அக்கா.

மெத்தைக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு."

பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, இனியாவது மூக்கில் துணி கட்டாமல் மிஷின் பக்கம் போகக்கூடாது, உறிஞ்சுகிற மருந்து எழுதித் தருகிறேன், விடாமல் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இது தொத்துகிற நோய் இல்லை என்பதையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொன்னார். நல்ல மனுஷர். கம்பெனி பாலிசி கொடுக்கும், ஆனால் நெஞ்சு சம்பந்தமாக எது வந்தாலும் பொறுப்பில்லை என்று எழுதித்தான் கொடுக்கும் என்றார். போகும்போது வாசலில் நின்று, "அந்த மெத்தை மறந்துடாதீங்க, கெட்டியா அடைக்கணும்" என்றார்.

அன்றும் மறுநாளும் மெத்தைக்காரர் அக்காவிடம் பேசவில்லை. டாக்டர் வீட்டு மெத்தையைத் தைத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, குத்துத் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டார். அதற்கு அடுத்த நாள் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சுவிட்சு எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?"

"மறக்கல."

இன்னும் கொஞ்சம் பருப்பு போடச் சொன்னார். போட்டாள்.

"நெஞ்சை விட்டுட்டு மீதி உடம்புக்குப் பாலிசியாம். நெஞ்சை இங்க கழட்டி வெச்சுட்டா போக முடியும்?" என்றார். பிறகு, "நீ மட்டும் போயிட்டு வா. அங்க போய் நான் இழுத்துக்கிட்டுக் கெடந்தா அந்தப் பையன் தலையிலதான் விடியும். அவ படுத்திருக்கற பொண்ணு" என்றார்.

அக்கா அழுதாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள் ரெண்டு பேரும்.

அக்காவுக்கு மட்டும் பாலிசி போட்டார்கள். ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மெத்தைக்காரர் பெயரைப் பாலிசி எழுதினான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இதெல்லாம் போன ஆளு திரும்பி வரலைன்னா காசு. போன ஆளு கட்டாயம் திரும்பி வர்றதுக்கு ஒரு பாலிசி இருக்கா?"

"அப்படி எந்தக் கம்பெனியும் போடல அத்தான்."

"போட்டா சொல்லு. மொத ஆளா நான் எடுக்கறேன்."

அத்தானிடமிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் பாலிசி வருஷக்கணக்காகக் காத்திருந்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

மகள் வீடு பளபளவென்று இருந்தது. ஜன்னல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரு துரும்பு பறப்பதில்லை. அக்கா சமைத்தாள், மகளுக்குத் தலை வாரிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள். குளிரில் வேலைக்குப் போய்வந்த மாப்பிள்ளைக்குச் சூடாக மிளகு போட்டு சூப்பு வைத்துக் கொடுத்தாள். அங்கே டீயில் ஒன்றும் மிதக்கவில்லை. ஆனாலும் ஊதித்தான் குடித்தாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். பெட்டி காணாமல் போகவில்லை, கால் ஒடியவில்லை, பாலிசிக்கு ஒரு வேலையும் வரவில்லை.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் காலையில் மெத்தைக்காரர் கடையிலிருந்து போன் பண்ணினார். மகள் வீட்டில் காலை என்றால் ஊரில் கடை மூடிய நேரம்.

"யாரு மாதிரி இருக்கா?"

"மூக்கு உங்களுது. நெத்தி அவங்க அப்பாவோடது. மருந்து எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன் எடுக்கறேன்."

"சாப்பாடு?"

"ரொட்டி, முட்டை. உன் தம்பி தெனம் வந்து உக்காந்துக்கறான். மூணு ரகத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து சொல்றான். டாக்டரு வீட்டுலேர்ந்து இன்னும் ரெண்டு மெத்தை கேட்டிருக்காங்க. குழந்தை அழுவாளா? சத்தம் கேட்டா…"

பேச்சு நின்றது. அடுத்த நொடி போனில் கடகடவென்று சத்தம் எழுந்தது. பஞ்சு மிஷின்.

அக்காவுக்கு முதலில் அந்தச் சத்தம் இனித்தது. கண்ணை மூடினால் முன்னறை, மெத்தை அடுக்கு, மூடிய ஜன்னல், எல்லாம் வந்து நின்றன. உடனேயே சுருக்கென்றது. இந்த நேரத்தில் அங்கே என்ன பஞ்சு?

"கடையில யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்று சத்தத்துக்கு மேலே திணறிக்கொண்டு குரல் வந்தது.

"பின்ன மிஷின் எதுக்கு?"

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"வாடிக்கைக்காரங்ககிட்ட மறைச்சீங்க, சரி. நான் யாரு?" என்றாள் அக்கா. "அணைங்க அதை."

பிறகு மிஷின் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. கடல் தாண்டி அந்த முன்னறையின் அமைதி அவளுக்குக் கேட்டது. அப்புறம் அவர் இருமினார். பாதியில் நிறுத்தாமல், சுவர்ப் பக்கம் திரும்பாமல், போனுக்குள்ளேயே இருமினார். அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சத்தம் அது? யாரு போன்ல?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"அப்பாதான்டி" என்றாள் அக்கா. "பேசிக்கிட்டிருக்கார்."